ஊரறிந்த தகவல் இரகசியமாகுமா? உங்கள் தொழில் விவரங்களைத் தரம் பிரிக்கும் முறை

நீங்கள் ஸ்காபரோவில் கறித்தூள் அரைத்து விற்கிறீர்கள், அல்லது மார்க்கத்தில் நாலு பேரை வைத்து மென்பொருள் நிறுவனம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் வேலை செய்த ஒருவர் விலகிப் போய் அதே தொழிலைத் தொடங்குகிறார். "என் தொழில் இரகசியத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்" என்கிறீர்கள் நீங்கள். "இதெல்லாம் இணையத்திலேயே கிடக்கிறது, இதில் என்ன இரகசியம்?" என்கிறார் அவர்.

இருவர் சொல்வதும் பாதி உண்மைதான். தொழிலில் இருப்பவர்கள் எளிதில் பெறக்கூடிய தகவல் வணிக இரகசியம் அல்ல. அதன்மேல் எத்தனை முத்திரை குத்தினாலும் அது இரகசியமாகாது. ஆனால் வெளியில் சிதறிக் கிடக்கும் துண்டுகளைத் தேடி, தெரிந்தெடுத்து, சோதித்து நீங்கள் ஆக்கிய தொகுப்பு வெளியில் இல்லையென்றால், அது இரகசியமாக நிற்கக்கூடும். எது எந்தப் பக்கம் விழுகிறது என்பதைச் சண்டை வந்த பிறகு பிரிக்கக் கூடாது. இன்றைக்கே பிரித்து வைக்க வேண்டும். அதற்கான வழி கீழே.

தெரிந்திருக்க வேண்டிய சட்டம்

ஒன்ராறியோவில் வணிக இரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளும் ஒப்பந்தங்களும்தான் பெரும்பாலும் வழிகாட்டுகின்றன. இழப்பீடு கேட்டு வழக்குப் போடுபவர் மூன்று விடயங்களைக் காட்ட வேண்டும்:

1. தகவல் உண்மையிலேயே இரகசியமானது.
2. நம்பிக்கையின் பேரில் அது மற்றவருக்குச் சொல்லப்பட்டது.
3. பெற்றவர் அதைத் தவறாகப் பயன்படுத்தினார், சொன்னவருக்குப் பாதிப்பு வந்தது.

முதலாவது படியிலேயே பல வழக்குகள் இடறி விழுகின்றன. அதை விளங்கிக்கொள்ள இரண்டு தீர்ப்புகள் போதும்.

ஹெம்லோ தங்கச் சுரங்கம். 1981இல் வட ஒன்ராறியோவில், சுப்பீரியர் ஏரிக்கு அண்மையில் உள்ள ஹெம்லோவில், கொரோனா என்ற சிறிய நிறுவனம் தங்கம் தேடித் துளையிட்டது. முடிவுகளில் சில சுரங்கத் துறைச் செய்திமடலில் வெளிவந்தன. அதைப் பார்த்துத்தான் லாக் மினரல்ஸ் என்ற பெரிய நிறுவனம் தொடர்புகொண்டது. லாக்கின் புவியியலாளர்கள் நேரில் வந்தபோது, செய்திமடலில் வராதவற்றையும் கொரோனா காட்டியது. துளையிட்டெடுத்த பாறை மாதிரிகள், நிலத்தின் குறுக்குவெட்டு வரைபடங்கள், பக்கத்தில் இருந்த வில்லியம்ஸ் காணி ஏன் முக்கியம் என்ற விளக்கம் எல்லாம் அதில் அடங்கும். அந்தக் காணியை வாங்கக் கொரோனா முயன்றுகொண்டிருந்தது. லாக் முந்திக்கொண்டு வாங்கிவிட்டது. 1989 ஆகஸ்ட் 11ஆம் திகதி கனடா உச்ச நீதிமன்றம், லாக் நம்பிக்கையை மீறியது என்று தீர்ப்பளித்தது. லாக் அங்கே செலவிட்ட சுமார் 15 கோடி டாலரைப் பெற்றுக்கொண்டு சுரங்கத்தைக் கொரோனாவிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. ஹெம்லோ முடிவுகளில் சில ஏற்கெனவே வெளிவந்திருந்தன. ஆனாலும் நேரில் காட்டப்பட்ட விவரங்கள் அதனால் பொதுத் தகவல் ஆகிவிடவில்லை.

கிளமாட்டோ பானம். தக்காளிச் சாறும் மட்டிச் சாறும் சேர்ந்த பானம் இது. உரிமம் பெற்று இதைக் கனடாவில் தயாரித்துவந்த நிறுவனம், 1983இல் உரிமம் முடிந்ததும் மட்டி சேர்க்காமல் இதே மாதிரி இன்னொரு பானத்தைக் கொண்டுவந்தது. வழக்கு 1999இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நம்பிக்கை மீறப்பட்டது உண்மை. ஆனால் அந்தத் தகவல் அப்படியொன்றும் விசேடமானது அல்ல, தகுந்த ஆலோசகரை வைத்திருந்தால் 12 மாதங்களில் நேர்வழியிலேயே இப்படியொரு பானத்தைச் செய்திருக்கலாம் என்று நீதிமன்றம் கருதியது. ஆகவே நிரந்தரத் தடை கிடைக்கவில்லை. குறுக்குவழியால் மிச்சம் பிடித்த அந்த 12 மாதங்களுக்கான இழப்பீடு மட்டும் கிடைத்தது.

முதல் தீர்ப்பு, ஒரு பகுதி வெளியானாலும் மீதி இரகசியமாக நிற்கும் என்கிறது. இரண்டாவது தீர்ப்பு, இரகசியத்தின் பெறுமதி மற்றவர் அதை நேர்வழியில் அடைய எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதில் இருக்கிறது என்கிறது.

படி 1: துண்டு துண்டாகப் பட்டியல் எழுதுங்கள்

"எங்கள் செய்முறை" என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். அது நீதிமன்றத்திலும் நிற்காது, உங்களுக்கும் உதவாது. கறித்தூள் தொழிலை எடுத்துக்கொண்டால் இப்படிப் பிரியும்:

- சேரும் பொருட்கள்: மல்லி, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை
- ஒவ்வொன்றின் அளவு
- எதை முதலில் வறுப்பது, எந்தச் சூட்டில், எத்தனை நிமிடம்
- பெரிய அளவில் வறுக்கும்போது கருகாமல் இருக்கச் செய்த மாற்றங்கள்
- சரிவராமல் போன முயற்சிகளின் குறிப்புகள்
- எந்த உணவகம் எந்த மாதத்தில் எவ்வளவு எடுக்கும், என்ன விலைக்கு எடுக்கும்

முதலாவது வரி பைக்கட்டிலேயே அச்சாகிறது. மற்றவை அச்சாவதில்லை. பலர் முதலாவதைக் காக்கப் போராடி, மற்ற ஐந்தையும் மேசைமேல் திறந்து வைத்திருக்கிறார்கள்.

குறிப்பு: தோல்வியடைந்த முயற்சிகளைப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். எந்த வழி சரிவராது என்று அறிந்தவர் பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்துகிறார். அதுவும் பெறுமதியுள்ள தகவல்தான்.

படி 2: போட்டியாளராக நின்று தேடுங்கள்

ஒவ்வொரு வரியையும் எடுத்து, அது வெளியில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். இந்த வரிசையில் போங்கள்:

1. உங்கள் சொந்த இணையத்தளம், முகநூல் பக்கம், யூடியூப் காணொளிகள். இரகசியத்தை வெளியில் விட்டவர் பெரும்பாலும் உரிமையாளரே.
2. பைக்கட், விலைப்பட்டியல், விளம்பரம்.
3. கனேடியக் காப்புரிமைத் தரவுத்தளம். காப்புரிமைக்கு விண்ணப்பித்தால், பொதுவாக 18 மாதங்களில் விண்ணப்பம் பகிரங்கமாகும்.
4. பங்குச்சந்தையில் பதிவான நிறுவனங்களின் ஆவணங்கள் இருக்கும் செடார் பிளஸ் தளம்.
5. ரொறன்ரோ மாநகராட்சி வெளியிடும் கட்டட அனுமதி விவரங்கள், உணவகப் பரிசோதனைகளுக்கான டைன்சேஃப் முடிவுகள்.
6. துறைசார்ந்த இதழ்கள், கண்காட்சிக் கையேடுகள். யங் வீதியில் உள்ள ரொறன்ரோ உசாத்துணை நூலகத்தில் வணிகத் தகவல்களைத் தேட உதவி கிடைக்கும்.

கிடைத்ததைத் திகதியுடன் சேமியுங்கள்.

குறிப்பு: இந்தத் தேடலை விடை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். விடை தெரிந்தவருக்கு எல்லாம் எளிதில் அகப்படும். எந்தச் சொல்லைப் போட்டுத் தேட வேண்டும் என்றே அறியாதவர் எங்கே நின்றுவிடுகிறார் என்பதுதான் நீங்கள் அறிய வேண்டியது.

படி 3: நான்கு பிரிவாகப் பிரியுங்கள்

1. பொதுத் தகவல். எவரும் எளிதில் பெறலாம். இதைக் காக்க நேரம் செலவிடாதீர்கள்.
2. பொருளிலிருந்தே கண்டுபிடிக்கக்கூடியது. கடையில் பைக்கட்டை வாங்கி ஆராய்ந்து அறியக்கூடியவை. ஒப்பந்தம் தடுக்காவிட்டால் அப்படி அறிவது நேர்மையான வழியே. சந்தையில் கிடைக்கும் பொருள் எளிதில் காட்டிக்கொடுக்கும் விவரத்தை நம்பித் தொழிலைக் கட்டாதீர்கள்.
3. இரகசியமும் இரகசியத் தொகுப்பும். ஒரு சிலருக்கு மட்டும் தெரிந்தவை, அல்லது பொதுத் துண்டுகளால் ஆனாலும் சேர்க்கை வெளியில் இல்லாதவை.
4. வேலையாளின் கைத்திறன். உங்களிடம் வேலை செய்து ஒருவர் பெற்ற பொதுவான அனுபவமும் பழக்கமும் அவருக்கே சொந்தம். வறுக்கக் கற்றவர் வறுப்பார், அதைத் தடுக்க முடியாது. உங்கள் அளவுக் கொப்பியைப் படமெடுத்துக்கொண்டு போனால் அது வேறு விடயம்.

இரகசியம் என்றால் உலகில் ஒருவருக்குமே தெரியாதிருக்க வேண்டும் என்பதில்லை. அரசிடம் மருந்து நிறுவனமொன்று கொடுத்த ஆவணங்கள் பற்றிய 2012ஆம் ஆண்டு வழக்கில், ஒப்பீட்டளவில் சிறிய தொகையினருக்கு மட்டும் தெரிந்த தகவலும் வணிக இரகசியமாகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் இரகசியமாக வைக்கும் எண்ணத்துடன் உரிமையாளர் நடந்திருக்க வேண்டும், தகவலுக்கு வணிகப் பயன் இருக்க வேண்டும் என்றும் அது சொன்னது.

படி 4: தொகுப்பைச் சோதியுங்கள்

மூன்றாவது பிரிவில் போட்ட ஒவ்வொரு தொகுப்புக்கும் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் விடை கொடுங்கள்:

1. துறை தெரிந்த வெளியாள் ஒருவர், பொது மூலங்களை மட்டும் வைத்து இதை ஆக்க எத்தனை மாதம் பிடிக்கும்?
2. எவ்வளவு செலவாகும்?
3. ஆயிரம் துண்டுகளில் இந்தப் பத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?
4. நீங்கள் இதை ஆக்கிய உழைப்புக்குத் திகதியிட்ட சான்று இருக்கிறதா?

"ஒரு பின்னேரம் போதும்" என்பது விடையானால் அந்தத் தொகுப்பை முதலாவது பிரிவுக்கு மாற்றுங்கள். தொலைபேசிப் புத்தகத்திலிருந்து பார்த்தெழுதிய உணவகப் பெயர்ப் பட்டியல் இந்த வகை. அதே உணவகங்கள் எப்போது வாங்கும், யாரிடம் பேச வேண்டும், எந்த விலைக்கு இணங்கும் என்று வருடக்கணக்கில் சேர்த்த பதிவு வேறு வகை. இரண்டிலும் பெயர்கள் ஒன்றே. பெறுமதி பெயரில் இல்லை.

படி 5: மூன்றாவது பிரிவை மட்டும் பூட்டுங்கள்

1. யார் யார் பார்க்கலாம் என்று பெயர் எழுதுங்கள். வேலைக்குத் தேவையில்லாதவருக்குக் காட்டாதீர்கள்.
2. கணினிக் கோப்புகளுக்குத் தனித்தனிக் கடவுச்சொல் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் இருந்தால் யார் திறந்தார் என்பதைக் காட்ட முடியாது.
3. வேலையில் சேரும் நாளிலேயே இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்குங்கள். எவையெவை இரகசியம் என்று வகைப்படுத்தி எழுதுங்கள். முழுச் செய்முறையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடாதீர்கள்.
4. அந்த ஆவணங்களுக்கு மட்டும் "இரகசியம்" என்று முத்திரையிடுங்கள்.
5. விலகும் நாளில் திறப்பு, கோப்பு, கணினி எல்லாவற்றையும் திரும்பப் பெற்று, தொடரும் கடமையைக் கடிதத்தில் நினைவூட்டுங்கள்.

கவனம்: "விலகிய பின் இரண்டு வருடத்துக்கு இதே தொழில் செய்யக் கூடாது" என்ற நிபந்தனையை நம்ப வேண்டாம். 2021 அக்டோபர் 25 முதல் செய்யப்படும் இத்தகைய போட்டித்தடை ஒப்பந்தங்களை ஒன்ராறியோவின் வேலைத் தராதரச் சட்டம் தடைசெய்கிறது. உயர்மட்ட நிர்வாகிகளுக்கும் வணிகம் கைமாறும் சில சந்தர்ப்பங்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. சாதாரண வேலையாள் விடயத்தில் இரகசியக் காப்பு ஒப்பந்தமே உங்கள் பலம்.

படி 6: காட்டுவதற்கு முன் எழுதுங்கள்

பங்காளி, முதலீட்டாளர், பொருள் தரும் மொத்த வியாபாரி ஆகியோரிடம் பேசும்போது வரிசை மாறக் கூடாது:

1. முதல் சந்திப்பில் பொதுத் தகவலை மட்டும் பேசுங்கள்.
2. அடுத்ததாக இரகசியக் காப்பு ஒப்பந்தம். எந்தத் தேவைக்காகக் காட்டுகிறீர்கள் என்பதை அதில் எழுதுங்கள்.
3. பிறகு தேவையான பகுதியை மட்டும் காட்டுங்கள்.
4. அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று உங்களுக்குக் காட்டிய அளவுப் பட்டியலும் வறுக்கும் அட்டவணையும் நாம் பேசிய பங்குடைமைக்காக மட்டும் தரப்பட்டவை."

ஹெம்லோவில் இரகசியம் பற்றி இரு தரப்பும் பேசிக்கொள்ளவே இல்லை. சூழ்நிலையையும் துறை வழக்கத்தையும் பார்த்துத்தான் நீதிமன்றம் கடமை இருந்தது என்று முடிவெடுத்தது. இறுதித் தீர்ப்பு வர 1989 ஆகிவிட்டது. அத்தனை வருடம் வழக்காடும் பலம் சிறு தொழில் செய்பவருக்கு இராது. நாலு வரி மின்னஞ்சல் எழுதும் பலம் எல்லோருக்கும் உண்டு.

படி 7: அரசிடம் கொடுக்கும் தாளைக் கவனியுங்கள்

மாநகராட்சிக்கோ பாடசாலைச் சபைக்கோ கேள்விப்பத்திரம் கொடுக்கும்போது, தகவல் அறியும் சட்டத்தின்படி மற்றவர் அதைக் கேட்கலாம் என்பதை மறக்காதீர்கள். வணிக இரகசியத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அது இரகசியமாகக் கொடுக்கப்பட்டதென்றும், வெளியானால் பாதிப்பு வரும் என்று நம்ப நியாயமுண்டு என்றும் காட்ட வேண்டும். எனவே இரகசியப் பகுதியைத் தனி இணைப்பாக வையுங்கள், அதற்கு மட்டும் முத்திரையிடுங்கள், காரணத்தை எழுதுங்கள். இரு தரப்பும் பேசி முடிவுசெய்த ஒப்பந்த விலை பொதுவாக இந்த விலக்குக்குள் வராது.

நீங்கள் விலகிப் போகும் வேலையாளாக இருந்தால்

இதே அத்தியாயம் உங்களுக்கும் உரியது. அறிவை யாரும் பறிக்க முடியாது. ஆனால் "இணையத்தில் இருக்கிறது" என்ற வாய்ச்சொல் உங்களைக் காக்காது.

1. விலகும் முன் எல்லா ஆவணத்தையும் திருப்பிக் கொடுங்கள். கைபேசியில் இருக்கும் வேலைப் படங்களையும் மின்னஞ்சலில் உள்ள கோப்புகளையும் முதலாளிக்குத் தெரியப்படுத்தி, அவர் சொல்லும் முறையில் ஒப்படையுங்கள். அவசரப்பட்டு அழித்தால் சான்றை மறைத்ததாகிவிடும்.
2. புதிய தொழிலைப் பொது மூலங்களிலிருந்தே கட்டுங்கள். எந்தப் புத்தகம், எந்தத் தளம், என்ன திகதி என்று கொப்பியில் பதியுங்கள்.
3. உங்கள் சொந்தச் சோதனைகளையும் தோல்விகளையும் எழுதி வையுங்கள். சுயமாக ஆக்கினீர்கள் என்பதற்கு அவையே சான்று.
4. பழைய இடத்தில் நம்பிக்கையின் பேரில் பெற்ற விவரத்தை முதலில் பயன்படுத்திவிட்டு, பின்னால் அதற்கு இணையச் சான்று தேடாதீர்கள். அந்தக் குறுக்குவழிக்குத்தான் கிளமாட்டோ வழக்கில் 12 மாத இழப்பீடு.

குற்றவியல் எச்சரிக்கை

ரொறன்ரோ ஹோட்டல் ஒன்றின் வேலையாட்களுடைய பெயர், முகவரிப் பட்டியலைப் பெற முயன்ற வழக்கில், தகவல் மட்டும் களவுபோகும் சொத்தாகாது என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி இன்று துணிய வேண்டாம். 2020 யூலை 1 முதல் குற்றவியல் சட்டத்தின் 391ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கிறது. ஏமாற்று, பொய், மோசடி ஆகியவற்றால் வணிக இரகசியத்தைத் தெரிந்தே பெறுவதும் பரப்புவதும் 14 வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தகவல் துறையில் பொதுவாக அறியப்படாததாக, அதனாலேயே பொருளாதாரப் பெறுமதி உள்ளதாக, நியாயமான முயற்சியால் காக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு வரையறுக்கிறது. சுயமாக ஆக்கியதும், பொருளைப் பிரித்து ஆராய்ந்து மட்டும் அறிந்ததும் இந்தக் குற்றத்துக்குள் வராது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- எல்லாவற்றிலும் முத்திரை. மதிய உணவுப் பட்டியலுக்கும் "இரகசியம்" என்று போட்டால், உண்மையான இரகசியத்தின் முத்திரைக்கும் மதிப்பு இராது.
- பொதுத் தகவலை ஒப்பந்தத்தால் அடைக்கப் பார்ப்பது. நல்ல ஒப்பந்தம் பொதுவில் உள்ளதை வெளிப்படையாக விலக்கிவிடும். அதனால் மீதி பலப்படும்.
- பெருமைக்காகக் காணொளி போடுவது. சமையற்கட்டைச் சுற்றிக் காட்டும்போது சுவரில் ஒட்டிய அளவு அட்டவணையும் படத்தில் விழுகிறது.
- காப்புரிமையையும் இரகசியத்தையும் ஒரே விடயத்துக்கு எதிர்பார்ப்பது. காப்புரிமை 20 வருடப் பாதுகாப்புக்கு ஈடாக விவரத்தைப் பகிரங்கப்படுத்துகிறது. விண்ணப்பிக்க முன்னரே யோசித்து முடிவெடுங்கள்.
- ஒரு துண்டு வெளியானதும் எல்லாம் போய்விட்டது என்று கைவிடுவது. வெளியான துண்டைப் பட்டியலில் மாற்றிவிட்டு மீதியைத் தொடர்ந்து காத்திடுங்கள்.

தகவல் கசிந்துவிட்டால்

1. உங்கள் தளத்தில் தவறுதலாக ஏறியிருந்தால் உடனே இறக்குங்கள். ஏறிய நேரம், இறக்கிய நேரம், பார்த்தவர் விவரம் ஆகியவற்றைப் பதியுங்கள்.
2. விலகியவர் பாவித்த கணினியைத் துடைக்கவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ வேண்டாம். அணைத்து, பூட்டி வையுங்கள்.
3. அவருடைய சொந்த மின்னஞ்சலுக்குள் நுழையாதீர்கள். நீதி கேட்பவரே குற்றவாளி ஆகிவிடலாம்.
4. வாட்ஸப் குழுவில் "கள்ளன்" என்று எழுதாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள்மேல் திரும்பும்.
5. சட்டத்தரணியை விரைவாகப் பாருங்கள். இடைக்காலத் தடையுத்தரவு கேட்பவர் தாமதித்தால் அவருடைய வாதம் வலுவிழக்கும். சிறு கோரிக்கை நீதிமன்றம் தடையுத்தரவு தராது, உயர் நீதிமன்றத்துக்கே போக வேண்டும். வழக்குத் தொடரும் காலவரை, பொதுவாக விடயம் தெரியவந்ததிலிருந்து இரண்டு வருடம்.

உதவி கிடைக்கும் இடங்கள்

ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் சட்டத்தரணி ஒருவருடன் 30 நிமிடம் வரை கட்டணமின்றிப் பேசலாம். யோர்க் பல்கலைக்கழகத்தின் ஒஸ்குட் சட்டப் பள்ளியில் சிறு தொழில்முனைவோருக்கு உதவும் அறிவுச்சொத்து மையம் உண்டு. மாகாண அரசின் அறிவுச்சொத்து ஒன்ராறியோ நிறுவனமும் வழிகாட்டுகிறது. இந்த அத்தியாயம் அவர்களிடம் போகுமுன் உங்களைத் தயார்செய்யும், அவர்களுடைய ஆலோசனைக்கு ஈடாகாது.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. பட்டியலை எழுதி முடியுங்கள்.
2. தேடலை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.
3. நான்கு பிரிவாக்கித் திகதியிட்டு ஒப்பமிடுங்கள்.
4. மூன்றாவது பிரிவில் உள்ளவற்றின் கடவுச்சொற்களை மாற்றுங்கள்.
5. ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்க நாள் குறியுங்கள். இன்றைய இரகசியம் அதற்குள் பொதுத் தகவல் ஆகியிருக்கலாம். அப்படியானால் அதை முதலாவது பிரிவுக்கு மாற்றிவிட்டு, புதிதாக ஆக்கியதை மூன்றாவதில் சேருங்கள்.